ரிஜெக்ட் தண்ணீருக்கு யார் பொறுப்பு?

சின்னசேலம் பக்கம் சேகோ ஆலை வைத்திருக்கும் ஒருவர் அண்மையில் ஒரு கொட்டேஷனைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார். “ஏம்மா, ஆர்.ஓ. போட்டுட்டா கழிவுத் தண்ணி பிரச்சினையே இருக்காதுங்கிறாங்க. கடனை உடனை வாங்கியாச்சும் போட்டுடலாமா?” என்று கேட்டார். பம்புக்கு விலை, மெம்பிரேனுக்கு விலை, கண்ட்ரோல் பேனலுக்கு விலை என்று எல்லாம் விவரமாக இருந்தது. மெம்பிரேன் ஒதுக்கித் தள்ளுகிற தண்ணீரைப் பற்றி மட்டும் ஒரே ஒரு வரி: ரிஜெக்ட்டை அப்புறப்படுத்துவது வாடிக்கையாளரின் பொறுப்பு.

“அண்ணே, இந்த ஒரு வரிக்கு எவ்வளவு ஆகும்னு கேட்டுட்டு வாங்க. அப்புறம் மத்ததைப் பேசலாம்” என்றேன்.

நான் கச்சிராயபாளையத்துக்காரி. வேதியியல் படித்துவிட்டு, திருப்பூரில் சாயப்பட்டறைகளுக்கான ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தேன். சாயத் தண்ணீர் உள்ளே வரும்போதும், ஒவ்வொரு தொட்டியைத் தாண்டும்போதும், கடைசியில் உப்பாக மூட்டையில் ஏறும்போதும் அதை அளந்து நோட்டில் எழுதுவதுதான் என் வேலை. இப்போது ஊரோடு வந்துவிட்டேன். எங்கள் கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. 2023-இல் உளுந்தூர்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பெரிய காலணித் தொழிற்சாலை வருவதாக ஒப்பந்தம் கையெழுத்தானது. சேகோ ஆலைகள், நவீன அரிசி ஆலைகள், மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் ஏற்கெனவே இருக்கின்றன. வேலை வரட்டும், வேண்டும். ஆனால் திருப்பூர் பட்டுத் தெரிந்துகொண்டதை நாமும் பட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற அவசியம் இல்லை.

ஆர்.ஓ. தொழில்நுட்பத்தைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. 1950-களின் கடைசியில் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப் என்பவரும் நம் நாட்டிலிருந்து போன சீனிவாச சௌரிராஜனும் சேர்ந்து, உப்பைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடுகிற சவ்வை, அதாவது மெம்பிரேனை, நடைமுறைக்கு உகந்த வேகத்தில் வேலை செய்ய வைத்தார்கள். இன்று மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீர் குடிநீராவது அதன் தொடர்ச்சிதான். அது அரிய கண்டுபிடிப்பு. ஆனால் சவ்வு எதையும் அழிப்பதில்லை, பிரிக்க மட்டுமே செய்கிறது. நூறு லிட்டர் உள்ளே போனால் எழுபத்தைந்து, எண்பது லிட்டர் நல்ல தண்ணீராக ஒரு குழாயில் வரும். நூறு லிட்டரிலும் இருந்த உப்பு, சாயம், மாவுச்சத்தின் எச்சம், சவ்வு அடைக்காமலிருக்க நாம் சேர்த்த மருந்து எல்லாம் மிச்ச இருபது, இருபத்தைந்து லிட்டரில் திரண்டு இன்னொரு குழாயில் வரும்.

இதில் ஒரு சிக்கலைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் விதிப்படி ஆலை வெளியேற்றும் தண்ணீரில் சி.ஓ.டி., அதாவது கரிமக் கழிவின் அளவு, லிட்டருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. கரைந்த உப்புகள், அதாவது டி.டி.எஸ்., 2,100-ஐத் தாண்டக்கூடாது. ஓர் ஆலை நன்றாகச் சுத்திகரித்து சி.ஓ.டி.யை 250-க்கும் டி.டி.எஸ்.ஸை 1,500-க்கும் கொண்டுவந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சட்டப்படி சரியான தண்ணீர். அதையே ஆர்.ஓ.வில் விட்டு 75 சதவீதத்தை மீட்டால், ரிஜெக்ட்டில் சி.ஓ.டி. 1,000, டி.டி.எஸ். 6,000. விதிக்கு உட்பட்டு உள்ளே போனது, விதியை மீறி வெளியே வருகிறது. நாளொன்றுக்கு 50,000 லிட்டர் ஓடுகிற ஆலையில் இது 12,500 லிட்டர். ஒரு தண்ணீர் லாரி. தினமும் ஒரு லாரி, ஆண்டு முழுக்க.

கடலோர ஊர்களுக்கு இது பெரிய தலைவலி இல்லை. சிங்கப்பூர் 2003-இல் கழிவுநீரைச் சுத்திகரித்து ‘நியூவாட்டர்’ என்று வழங்கத் தொடங்கியது. ஒதுக்கப்படும் தண்ணீரை ஏற்க அவர்களுக்குக் கடல் இருக்கிறது. நமக்கு இருப்பது கோமுகி. கல்வராயன் மலையில் பிறந்து, கச்சிராயபாளையத்தில் அணைக்குள் தங்கி, கள்ளக்குறிச்சி வயல்களுக்குப் பாய்ந்து, மணிமுக்தாவோடு சேர்ந்து விருத்தாசலம் வழியாக வெள்ளாற்றுக்குப் போகிற சின்ன ஆறு. ஆண்டில் பாதி நாள் மணல்தான் தெரியும். அடித்துக்கொண்டு போக ஓட்டம் இல்லாத ஆற்றில் விடுகிற உப்பு அங்கேயே இறங்கி, பக்கத்துக் கிணற்றில் ஊறும். அடியில் கருங்கல் பாறை. தண்ணீர் அதன் வெடிப்புகளில்தான் நிற்கிறது. ஒருமுறை உப்பேறிய கிணறு ஒரு மழையில் தெளியாது. மலைக்கு அந்தப் பக்கம் ஆத்தூர்ப் பகுதியில் வசிஷ்ட நதிக்கரைக் கிராமத்தார் சேகோ கழிவுநீரைப் பற்றி எவ்வளவு காலமாக முறையிட்டு வருகிறார்கள் என்பது அங்கே பெண் கொடுத்து பெண் எடுத்த நமக்குத் தெரியாததல்ல.

திருப்பூர்க் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தமிழ்நாட்டில் ரிஜெக்ட் தண்ணீரோடு நேருக்கு நேர் மல்லுக்கட்டிய ஊர் அதுதான். பாசனத்துக்காக நொய்யல் மேல் கட்டி 1992-இல் முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப் போனது. ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக்கூடாது என்ற நிலைக்குப் பட்டறைகள் மாற வேண்டும் என்று 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2009-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. சொன்னபடி நடக்காததால் 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. எங்கள் மாவட்டத்திலிருந்து அங்கே பிழைக்கப் போயிருந்த எத்தனையோ குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பியதை நான் பார்த்தேன். பிறகு அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஒவ்வொன்றாகச் சீராயின, பட்டறைகள் மறுபடி ஓடின.

அந்த நிலையங்களில் கடினமான வேலை ஆர்.ஓ.வுக்கு முன்னால் இல்லை, பின்னால்தான் இருந்தது. உள்ளே வரும்போது 6,000 அளவில் இருந்த உப்பு ரிஜெக்ட்டில் 30,000-ஐத் தொடும். அதை எவாப்பரேட்டரில் கொதிக்கவைத்து, தண்ணீரை ஆவியாக்கி, உப்பைப் படிய வைக்க வேண்டும். சாயத்தின் எச்சம் கூடவே இருந்தால் எவாப்பரேட்டருக்குள் நுரை பொங்கும், குழாய்களில் பொருக்கு பிடிக்கும், விழுகிற உப்பும் பழுப்பாக, பிசுபிசுப்பாக இருக்கும். அந்தக் கலவை உப்பை எந்தப் பட்டறையும் திரும்ப வாங்காது. ஆயிரக்கணக்கான டன் அப்படித்தான் கொட்டகைகளில் மூட்டை மூட்டையாகச் சேர்ந்தது. ரிஜெக்ட்டிலிருந்த கரிமக் கழிவையும் நிறத்தையும் முன்கூட்டியே எடுத்தபோது நிலைமை வேறாக இருந்தது. சோடியம் சல்பேட் வெள்ளையாகப் படிந்தது, சாயமேற்றவே திரும்பப் போனது. அருள்புரத்தில் உப்புக்கரைசலையே சுத்தம் செய்து பட்டறைகளுக்குத் திருப்பி அனுப்பும் முறையையும் நடைமுறைப்படுத்தினார்கள். ஒரே தண்ணீர், ஒரே உப்பு. நடுவில் ஒரு கட்டத்தைச் சேர்த்ததால் குப்பை சரக்காக மாறியது.

அந்த நடுக்கட்டம் என்ன என்பதைத்தான் நம் மாவட்டத்தில் ஆர்.ஓ. வாங்க நினைப்பவர்களும் அனுமதி கொடுப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆய்வகத்தில் சி.ஓ.டி. பார்ப்பது பொறுமையான வேலை. குடுவையில் மாதிரித் தண்ணீர், ஆரஞ்சு நிறத்தில் பொட்டாசியம் டைகுரோமேட், செறிந்த கந்தக அமிலம். இரண்டு மணி நேரம் 150 டிகிரியில் வேகவிட வேண்டும். கரிமக் கழிவு நிறைய இருந்தால் ஆரஞ்சு முழுக்கப் பச்சையாகிவிடும். ஆறியதும் ஃபெராயின் இரண்டு சொட்டு விட்டு, பியூரெட்டிலிருந்து இரும்பு உப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக இறக்கினால், நீலப்பச்சையாக நிற்கிற கரைசல் ஒரே ஒரு சொட்டில் செம்பழுப்புக்குத் தாவும். அந்தச் சொட்டைத் தவறவிட்டால் கணக்கு போயிற்று. ரிஜெக்ட் தண்ணீரில் இன்னொரு தொல்லை: குளோரைடு அதிகம். அதுவும் டைகுரோமேட்டைத் தின்றுவிடும் என்பதால், பாதரச சல்பேட் போதுமான அளவு போடாவிட்டால் இல்லாத கழிவை இருப்பதாகக் காட்டும்.

பி.ஓ.டி. என்பது வேறு. அதே தண்ணீரில் நுண்ணுயிர்களை விட்டு, 27 டிகிரியில் மூன்று நாள் மூடி வைத்து, அவை எவ்வளவு ஆக்சிஜனைக் குடித்தன என்று பார்ப்பது. சி.ஓ.டி. மொத்தக் கழிவைச் சொல்லும், பி.ஓ.டி. அதில் நுண்ணுயிர் தின்னக்கூடியது எவ்வளவு என்று சொல்லும். சேகோ ஆலைத் தண்ணீரில் பாதிக்கு மேல் தின்னக்கூடியதுதான், மாவும் சர்க்கரையும்தானே. உயிரியல் தொட்டிகளையெல்லாம் கடந்து, ஆர்.ஓ.வையும் கடந்து வந்த ரிஜெக்ட்டில் நிலைமை தலைகீழ். நுண்ணுயிர் தின்ன முடிந்ததையெல்லாம் ஏற்கெனவே தின்றாயிற்று. பத்தில் ஒரு பங்குகூட பி.ஓ.டி.யாகத் தேறாத மாதிரிகளை நான் எத்தனையோ முறை பதிவு செய்திருக்கிறேன். மீந்திருப்பது எதற்கும் மசியாத பெரிய மூலக்கூறுகள்.

கல்வராயன் மலையில் பொறுக்கி விற்கிற கடுக்காயையே எடுத்துக்கொள்ளுங்கள். தோல் பதனிடக் காலகாலமாக அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அதிலுள்ள டானின் தோலின் புரதத்தோடு பிணைந்து, நுண்ணுயிர் அதை அழுகச் செய்யாமல் காக்கிறது. தோலைக் காப்பாற்றும் அந்தக் குணமே கழிவுநீரில் நமக்கு எதிராக நிற்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பதனிடும் ஆலைகளின் கழிவு உயிரியல் தொட்டியில் முழுதாக அடங்காததற்கு இப்படிப்பட்ட பொருள்களும் ஒரு காரணம். விறகுக் கட்டையைப் பிளந்து போட்டால்தான் அடுப்பு பிடிக்கும் என்பது போல, இந்த மூலக்கூறுகளை உடைத்துக் கொடுத்தால்தான் நுண்ணுயிர் வாய் வைக்கும். உடைக்கிற வேலையைச் செய்வது வேதி ஆக்சிஜனேற்றம்.

1894-இல் இங்கிலாந்தில் ஃபென்டன் என்ற வேதியியலாளர், இரும்பு உப்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்தால் டார்டாரிக் அமிலம் ஆக்சிஜனேற்றம் அடைவதைப் பற்றி எழுதினார். டார்டாரிக் அமிலம் நமக்கு அந்நியமில்லை, புளியின் புளிப்பு அதுதான். அவர் கண்ட வினையின் உள்ளே ஹைட்ராக்சில் என்ற துகள் பிறக்கிறது என்பது பின்னால் தெரிந்தது. குளோரினையும் ஓசோனையும் விட ஆவேசமானது. கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாகவே உயிரோடு இருக்கும். அதற்குள் பக்கத்தில் எந்தக் கரிமப் பொருள் இருந்தாலும் பிய்த்துவிடும்.

ஆய்வகத்தில் இதைச் செய்து பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு லிட்டர் ரிஜெக்ட்டை பீக்கரில் எடுத்து, அமிலம் விட்டு பி.எச். மூன்றுக்குக் கொண்டுவருவோம். அன்னபேதி, அதாவது ஃபெரஸ் சல்பேட், ஒரு சிட்டிகை. கலக்கிக்கொண்டே பெராக்சைடை மெல்ல ஊற்றினால் குமிழ் கிளம்பும், தண்ணீர் ஒரு கணம் கடுங்காப்பி நிறத்துக்கு இருளும், பிறகு சில நிமிடங்களில் வெளுத்து வெளிர்மஞ்சளாகும். அப்புறம் சுண்ணாம்புப் பால் விட்டால் துரு நிறத்தில் திரித்திரியாகத் திரண்டு அடியில் உட்காரும். மேலே தெளிந்த தண்ணீர். முதன்முதலாக இதைப் பார்க்கிற யாரும் எல்லாம் தீர்ந்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள்.

தீரவில்லை. தெளிந்த தண்ணீரை நாக்கில் வைக்காமலே சொல்வேன், உப்பு அப்படியே இருக்கிறது. அமிலமும் சுண்ணாம்பும் அன்னபேதியும் சேர்ந்ததால் முன்பைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆக்சிஜனேற்றம் கரிமப் பொருளைத்தான் உடைக்கும். உப்பின் மேல் அதற்கு எந்த அதிகாரமும் இல்லை. “எங்கள் ஆக்சிடேஷன் பிளான்ட் ரிஜெக்ட்டை முழுக்கச் சுத்தமாக்கிவிடும்” என்று யாராவது விற்க வந்தால், டி.டி.எஸ். எவ்வளவு குறையும் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். அடியில் உட்கார்ந்த இரும்புச் சேறு தனிக் கழிவு, அதற்கும் இடம் வேண்டும். குளோரைடும் கார்பனேட்டும் மிகுந்த ரிஜெக்ட்டில் அந்த ஆவேசத் துகளில் பெரும் பகுதி உப்போடு மோதியே வீணாகும், ஆகவே மருந்தும் அதிகம் பிடிக்கும். எதிர்வினை முடியாமல் மிஞ்சிய பெராக்சைடு அடுத்த தொட்டிக்குப் போனால் அங்கே நாம் வளர்த்து வைத்த நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். சி.ஓ.டி. சோதனையிலும் அது கழிவு போலவே கணக்கில் ஏறி, பலன் இல்லை என்று நம்மை நம்ப வைக்கும். ஓசோனில் சேறு வராது, நிறத்தை அழகாக எடுக்கும். ஆனால் மின்சாரத்தைத் தின்னும்.

இவ்வளவு செலவு பிடிக்கிற வேதியியலை எங்கே எவ்வளவு பயன்படுத்துவது என்பதில்தான் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. முதலில் உயிரியல், பிறகு தேவைப்பட்டால் மட்டும் மெம்பிரேன், மெம்பிரேன் ஒதுக்கியதற்கு மட்டும் அளவான ஆக்சிஜனேற்றம், அதன் பிறகு மறுபடியும் உயிரியல். இந்த வரிசையை மாற்றினால் பணம் கரையும், அல்லது தண்ணீர் கெடும். பெரும்பாலும் இரண்டும் நடக்கும்.

சின்னசேலத்துக்காரருக்குப் போட்டுக் கொடுத்த கணக்கையே இங்கே தருகிறேன். நாளுக்கு 50,000 லிட்டர் கழிவுநீர், லிட்டருக்கு 5 கிராம் சி.ஓ.டி. என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 250 கிலோ. இதை நேராக ஆக்சிஜனேற்றத்தால் முடிக்கப் பார்த்தால், ஒரு கிலோ சி.ஓ.டி.க்கு 2.125 கிலோ பெராக்சைடு என்ற பாடப்புத்தகக் கணக்குப்படி, 50 சதவீதச் செறிவுள்ள பெராக்சைடு நாளுக்கு ஒரு டன்னுக்கு மேல் வேண்டும். எந்தச் சேகோ ஆலையும் தாங்காது. அதையே காற்றில்லாத மூடிய கலனில் விட்டால், அங்கே வாழும் நுண்ணுயிர்கள் எண்பது சதவீதத்தை எரிவாயுவாக மாற்றித் தருகின்றன. அழிகிற ஒவ்வொரு கிலோ சி.ஓ.டி.க்கும் 0.35 கன மீட்டர் மீத்தேன் என்றால், 200 கிலோவுக்கு 70 கன மீட்டர். வீட்டு சிலிண்டர் மூன்றரைக்குச் சமமான எரிபொருள், தினமும். ஜவ்வரிசி வறுக்கிற அடுப்புக்கே அது பயன்படும். சேலம் பக்கத்தில் இதைச் செய்கிற ஆலைகள் இருக்கின்றன. குச்சிக்கிழங்கிலிருந்து வருகிற சயனைடும் இந்தக் கலனில் பழகிய நுண்ணுயிர்களால் பெருமளவு அடங்கும். ஆனால் தண்ணீர் புளித்து பி.எச். இறங்கவிடாமலும், திப்பி கலந்து அடைக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து காற்றூட்டும் தொட்டி. இரண்டும் சேர்ந்து 95 சதவீதத்தை எடுத்துவிட்டால் மிச்சம் 12.5 கிலோ. டி.டி.எஸ்.ஸும் எல்லைக்குள் இருந்தால் அந்தத் தண்ணீரை விதிமுறைப்படி பாசனத்துக்கே விடலாம், ஆர்.ஓ.வே வேண்டாம். என்னிடம் வந்தவருக்கு நான் முதலில் சொன்னது அதுதான். கொட்டேஷன் கொடுத்தவர்கள் கடைசிவரை சொல்லாததும் அதுதான். நிலத்தடி நீர் வற்றிய இடத்தில், தண்ணீரைத் திரும்ப எடுத்தே ஆக வேண்டும் என்றால் ஆர்.ஓ. போடட்டும். அப்போது ரிஜெக்ட்டில் இருப்பது அந்த 12.5 கிலோ. அதையும் முழுக்கக் கருக்க வேண்டியதில்லை. நுண்ணுயிர் தின்கிற அளவுக்குத் துண்டாக்கினால் போதும், அதற்கு நாளுக்கு முப்பது கிலோவை ஒட்டிய பெராக்சைடே கணக்கில் வருகிறது. கள நிலவரம் இதைவிடச் சற்றுக் கூடும். ஆனால் டன் எங்கே, முப்பது கிலோ எங்கே! மீந்த பெராக்சைடை முறித்து, பி.எச்.சை ஏழுக்குக் கொண்டுவந்து, கரித்துகள்கள் மேல் நுண்ணுயிர் படர்ந்த வடிகட்டியில் மெதுவாக இறக்கினால், உடைந்த துண்டுகளை அவை தின்று முடிக்கும்.

வேதியியலை மெம்பிரேனுக்கு முன்னால் வைக்கக் கூடாதா என்று இளம் பொறியாளர்கள் கேட்பார்கள். இப்போது புழக்கத்தில் உள்ள பாலிஅமைடு சவ்வுகளுக்குக் குளோரினும் ஓசோனும் ஆகாது. துளி மிஞ்சினாலும் சவ்வு நைந்துபோகும், உப்பைத் தடுக்கும் திறன் போய்விடும். வைப்பவர்கள் அதை முறிக்க இன்னொரு மருந்து விட வேண்டும், அதற்கு ஓர் ஆள் கண் கொட்டாமல் பார்க்க வேண்டும். இரவு ஷிப்டில் ஒரே ஒரு ஆபரேட்டர் இருக்கிற சின்ன ஆலையில் இது நடக்காது.

உப்பு மட்டும் கடைசிவரை நம்மோடுதான் இருக்கும். அந்த 12,500 லிட்டரை ஒரே கட்டத்தில் கொதிக்கவைத்துத் தீர்ப்பதென்றால், லிட்டருக்கு 540 கிலோ கலோரி வீதம் கணக்கிட்டால், நாளுக்கு ஏறக்குறைய மூன்று டன் விறகு எரியும். விறகு என்றால் நம் பக்கம் எல்லோருக்கும் மலைதான் நினைவுக்கு வரும். ஆகவே பல கட்ட எவாப்பரேட்டர் வேண்டும். தனி ஆலைக்கு அது கட்டாது. பத்துப் பதினைந்து ஆலைகள் சேர்ந்து, ரிஜெக்ட்டைக் குறைத்துக் குறைத்துக் கடைசிச் சிறு பகுதியை ஒரே இடத்தில் ஆவியாக்கினால்தான் கட்டும். திருப்பூரில் பொது நிலையங்கள் வந்ததும் இந்தக் கணக்கினால்தான். 2011-இல் அங்கே கொடுத்த வட்டியில்லாக் கடனைப் போல, நீதிமன்றம் பூட்டுப் போடும்வரை காத்திராமல், இங்கே முன்கூட்டியே கொடுக்கலாம்.

குடிநீர் கேன் கம்பெனிகளின் ரிஜெக்ட்டையும் ஊராட்சிகளில் வைத்திருக்கும் ஆர்.ஓ. இயந்திரங்களின் ரிஜெக்ட்டையும் இதோடு போட்டுக் குழப்ப வேண்டாம். அவற்றில் இருப்பது போர்வெல்லில் இருந்த உப்பின் செறிவு மட்டும்தான். ஆக்சிஜனேற்றமும் வேண்டாம், உயிரியலும் வேண்டாம். கழுவவும் கழிப்பறைக்கும் பயன்படுத்தலாம். அதே போர்வெல் பக்கத்தில் குழி தோண்டி ‘மழைநீர் சேகரிப்பு’ என்று பெயர் வைத்து அதில் விடுவதைத்தான் நிறுத்த வேண்டும். டி.டி.எஸ். 500-க்குக் கீழே உள்ள இடங்களில் வீட்டு ஆர்.ஓ.வுக்குத் தடை வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இலேயே சொல்லியிருக்கிறது. மலையில் வெள்ளிமலைப் பக்கம் ஊற்றுத் தண்ணீர் குடிக்கிறவர்கள் வீட்டில்கூட ஆர்.ஓ. ஏறுவதைப் பார்த்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஆலைகளை மூடச் சொல்லி எழுதுகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடி மக்கள் பயிரிடும் கிழங்கு லாரி லாரியாகக் கீழே இறங்கி வருவது இந்த ஆலைகளை நம்பித்தான். 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் கிடந்த மக்கள் அவர்கள். சாலையும் பள்ளியும் அவர்களுக்குத் தாமதமாகவே போய்ச் சேர்ந்தன. ஆலை ஒரு மாதம் நின்றால் முதலில் விலை விழுவது அவர்கள் கிழங்குக்கு. திருப்பூரில் பூட்டு விழுந்தபோது முதலாளியைவிட முன்னால் சோற்றுக்கு இல்லாமல் போனவர் கூலிக்காரர். ஆலை தொடர்ந்து ஓட வேண்டும் என்பதாலேயே ரிஜெக்ட் கணக்கை முன்கூட்டிக் கேட்கிறேன்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நிறுவ இசைவாணை கொடுக்கும்போதே, ஆர்.ஓ. இருக்கிற ஒவ்வொரு விண்ணப்பத்திலும் ரிஜெக்ட் எத்தனை லிட்டர், அதில் சி.ஓ.டி., பி.ஓ.டி., உப்பு எவ்வளவு, எந்தத் தொட்டியில் எதனால் குறையும், கடைசி உப்பு எந்த இடத்துக்குப் போகும் என்று எழுதி வாங்க வேண்டும். நல்ல தண்ணீர்க் குழாயில் வைக்கிற மீட்டரை ரிஜெக்ட் குழாயிலும் வைக்க வேண்டும். சி.ஓ.டி. மட்டும் போட்டால் போதாது, பி.ஓ.டி.யையும் பக்கத்தில் போட்டால்தான் உயிரியல் போதுமா, ஆக்சிஜனேற்றம் வேண்டுமா என்று தெரியும். உளுந்தூர்பேட்டை சிப்காட்டில் முன்கூட்டியே பொது எவாப்பரேட்டருக்கும் உப்புக் கொட்டகைக்கும் இடம் ஒதுக்க முடியும். கட்டடங்கள் நிறைந்த பிறகு முடியாது.

இன்னொன்றுக்கு அரசு உத்தரவு எதுவும் தேவையில்லை, எங்கள் பக்கத்துக் கல்லூரி வேதியியல் துறைகளும் ஊராட்சிகளும் சேர்ந்தாலே முடியும். கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சி வரை கோமுகிக் கரையில் உள்ள பாசனக் கிணறுகளில், சித்திரை வைகாசியில் ஒரு முறையும் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு தை மாதத்தில் ஒரு முறையும் டி.டி.எஸ்., குளோரைடு, சல்பேட், நைட்ரேட் பார்த்து, கிணற்றின் இடத்தோடும் ஆழத்தோடும் பதிந்து வைக்க வேண்டும். கெட்டுப்போன கிணற்றுக்கு இழப்பீடு கேட்கிற விவசாயியிடம், முன்பு தண்ணீர் எப்படி இருந்தது என்பதற்கு என்ன ஆதாரம் என்றுதான் முதலில் கேட்பார்கள். டி.டி.எஸ். மீட்டர் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. குளோரைடுக்குச் சில்வர் நைட்ரேட் டைட்ரேஷன், பிளஸ் டூ மாணவர்களே செய்யக்கூடியது. முறையைச் சொல்லிக்கொடுக்க நான் எந்தப் பள்ளிக்கும் வரத் தயார். வருகிற சித்திரையிலேயே தொடங்கலாம்.